கதவிடுக்கில் இருக்கும் எண்

நகத்தை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும்.
வழுக்கினால் மேல்கீறல்,
துணியால் தேய்த்தாலே போய்விடும்.
தடுக்கினால்
பளபளப்பைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது.

தடுக்கியது.

புதன்கிழமை, எண்ணெய் ஆலைப் புகை
ரெங்கத்தின் பாதி வானத்தை எடுத்துக்கொண்ட மத்தியானம்.
நான் எங்கும் போகவில்லை.
யாருக்கும் உடம்புக்கு முடியாமலும் இல்லை.
சும்மா ஓட்டினேன், அவ்வளவுதான்,
கண்ணாடியை இறக்கிவிட்டு
செம்பனைக்கு நடுவே மண்சாலையில்.
எதிரே குலை ஏற்றிய லோரி. ஒதுங்கினேன்.
வெட்டிப்போட்ட மட்டையின் முள்
முன்கதவில் கையெழுத்துப் போட்டது.

எடுக்காதே என்று நவநீதன் சொன்னதே இல்லை.
"உறையைப் போட்டு வை" என்பான்,
ஞாயிறு ராத்திரி சிங்கப்பூர் வேலைக்கு பஸ் ஏறும்போது.
மைவிக்கு ஒன்பது வருஷக் கடன்.
நாலு கழிந்திருக்கிறது.

குனிந்து கீறலுக்குள் பார்த்தேன்.
பளபளப்பு, அதன் கீழே நிறம்,
அதற்கும் கீழே சோகை பிடித்த ஒரு வெளுப்பு,
பிறகு தகரம்.
எல்லாம் சேர்த்தும் ஒரு தலைமுடி கனம்.
அதற்கா மாதம் ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளி.

காரின் சாதகம் கதவிடுக்கில் ஒட்டியிருக்கிறது:
ஓர் எழுத்து, இரண்டு எண்.
ஆ செங் கடையில் அதைச் சொன்னேன்.
விரல் நீளப் புட்டி, இருபத்திரண்டு வெள்ளி.
"மூடியில் இருக்கும் தூரிகை உதவாது," என்றான் மலாயில்,
"பல்குச்சி வைத்திருக்கிறாயா?"

வியாழன். சோப்பு, தண்ணீர், ஸ்பிரிட்.
இரண்டு நிமிடம் குலுக்கினேன்.
எறும்புத் தலையளவு நிறம் குச்சி முனையில்.
வைக்கத்தான் வேண்டும், தீட்டக் கூடாது;
கீறல் தானே இழுத்துக் குடித்துக்கொள்கிறது.
ஒரு மணி நேரம் பொறுத்து இன்னொரு தடவை.
மூன்றாவதற்குள் மழை.
குடையைக் கதவுக்குப் பிடித்துக்கொண்டு
நான் நனைந்தேன்.

வெள்ளி. ரெண்டாயிரம் நம்பர் தாளை நீரில் ஊறவைத்து
மூச்சைப் பிடித்துத் தேய்த்தேன்.
எண் சரிதான். நிறம்தான் சேரவில்லை.
புட்டிக்குள் இருப்பது
கார் பிறந்த அன்றைக்கு இருந்த சாம்பல்.
நாலு வருஷம் வெயிலில் நின்றதோ வேறு சாம்பல்.
நேரே பார்த்தால் ஒன்றுமில்லை.
சாயந்திரம் ஐந்தரைக்கு, தலையைச் சாய்த்தால்
அரிசி அரிசியாகத் தெரிகிறது.

மீதியை ஒளித்துவைக்க
டாஷ்போர்டு அறையைத் திறந்தேன்.
சாலை வரி ரசீது, டோல் அட்டை,
வண்டிக்குப் பூசை போட்ட அன்றைய திருநீறு,
கையேட்டுக்கு அடியில்
ஒரு புட்டி.
அதே எழுத்து, அதே இரண்டு எண்.
பாதிக்கு மேல் காலி.
கழுத்தில் காய்ந்துபோன வளையம்.

கண்ணுக்கு அகப்படவில்லை.
குருடி மாதிரி விரலால் வண்டியைச் சுற்றி வந்தேன்,
பம்பர், டிக்கி, வலப்பக்கம் முழுக்க.
இடப்பக்கப் பின்சக்கர வளைவுக்குக் கீழே
பரு போல ஒரு மேடு.
தூரிகையால் தீட்டியிருக்கிறான். அவசரம்.
எந்த ராத்திரியோ, எந்தத் தூணோ,
யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களோ,
ஒருவேளை
அவனும் சும்மா ஓட்டினானோ.

தாளில் இன்னும் ஈரம் இருந்தது.
அதையும் தேய்த்து மட்டமாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை குளுவாங்குக்குச் சாமான் வாங்கப் போனோம்.
தமிழ்ப்பள்ளி முன்னால் வேகத்தடை ஏறி இறங்கியபோது
டாஷ்போர்டுக்குள் கிளிங் என்றது,
கண்ணாடியில் கண்ணாடி இடிக்கிற சத்தம்.

அவன் ரேடியோவைக் கூட்டி வைத்தான்.
நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.