எனக்கு முன் இதைக் கழற்றியவனுக்கு

உன் பெயர் தெரியாது.
கையைத் தெரியும்.
கீறல்கள் சாயும் பக்கத்தைப் பார்த்தால்
இடக்கைக்காரன்.
பத்தாம் இலக்கச் சாவி தேடப் பஞ்சிப்பட்டு
குறட்டால் காரியம் முடித்தவன்.
நட்டுகளின் ஆறு மூலையும் மழுங்கி
சப்பித் துப்பிய நெல்லிக்கொட்டைகளாய் உருள்கின்றன
என் ஐஸ்கிரீம் டப்பாவில்.

மாலபேயில் பலாமரத்தின் கீழ்
ஒன்பது மழை நனைந்த வண்டி.
'நல்லாய் ஓடினது, சும்மா நிறுத்தி வைத்தோம்' என்றான்
விற்ற பையன், சிங்களத்தில்.
அந்தச் சும்மாவுக்குள்
சைலன்சரில் குளவிக்கூடு,
காற்றுப்பெட்டியில் எலி சேர்த்த தும்பு,
தாங்கியின் அடியில் தேன்நிறத்தில்
ஒரு காலத்தில் பெற்றோலாக இருந்த ஏதோ.
நானூறு சிசி. நாலு சிலிண்டர்.
பதினாலாயிரம் வரை இலக்கமிட்ட மீற்றரில்
முள் பூச்சியத்துக்கும் கீழே படுத்திருந்தது.

வெள்ளவத்தை. ஏழு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம்.
கார் இல்லாத எனக்குக்
கார் நிறுத்த இடம் கிடைத்த கதை வேறு.
கடலோர ரயில் போகும்போதெல்லாம்
தட்டிலுள்ள வாசர்கள் நடுங்கி நடுங்கி
ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.
ஞாயிறு தேய்த்து மினுக்கிய அலுமினியம்
உப்புக்காற்றில் புதன்கிழமைக்குள் பூத்துவிடும்.
ஐந்தாம் மாடி மிஸிஸ் குலசேகரம்
நாய்க்குட்டியைப் பிடித்தபடி நின்று
'இன்னும் இல்லையோ?' என்பார்,
பிரசவ வார்ட்டு வாசலில் கேட்பதுபோல.

பஞ்சிகாவத்தையில் ஃபவ்சான்
ஜெற்றைக் கண்ணருகே பிடித்து
அதன் துளைவழியே தெருவைப் பார்த்தான்.
'யாரோ ஊசி விட்டிருக்கான் காக்கா.
ஓட்டை பெருத்துட்டு.'
அதுவும் நீதான்.
யாருடைய தையல்பெட்டி?
திருப்பி வைத்தாயா?

உன்னைத் திட்டியே ஆனி போயிற்று.
ஆடியில் கிளச் மூடியைத் திறந்தேன்.
காஸ்கெட் இருக்கவேண்டிய இடத்தில்
பால்மாப் பெட்டி அட்டை.
கத்தரிக்கோலால், வளைவு தவறாமல்,
பதினொரு துளையும் அச்சொட்டாய்.
எண்ணெய்க்கடியில் தமிழ் இன்னும் வாசிக்கலாம்:
'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.'
எஞ்சினுக்குள்!
தனியே சிரித்தேன்.
கப்பல் வராத காலமோ
கையில் காசு வராத காலமோ,
நீ ஓர் இரவு முழுக்க இதற்கு இருந்திருக்கிறாய்.
அவசரக்காரன் என்று சொன்னதை
அரைவாசி மீளப் பெறுகிறேன்.
நெல்லிக்கொட்டைகளை மன்னிக்கவில்லை.

நேற்று அதே மூடியைப் பூட்டும்போது கரண்ட் போயிற்று.
போன் பல்லிடுக்கில்.
முறுக்கம் அளக்கும் சாவி ஆறாம் மாடியில்,
லிஃப்ட் நடுவில் எங்கோ.
கைக்குத் தெரியும் என்று நினைத்தேன்.
கால் சுற்று.
இன்னும் ஒரு கால்.
பிறகு அந்த இளகல்,
சூத்தைப் பல் சட்டென்று விட்டுக்கொடுக்கும் இளகல்.
போல்ட்டோடு சேர்ந்து
அலுமினியப் புரி வெள்ளிச் சுருளாய் வெளியே வந்தது.

ரயில் ஒன்று போனது. வாசர்கள் நகர்ந்தன.
நான் நகரவில்லை.

துளையைச் சரியாகக் கடைய
மூடியைக் கழற்றி ஃபவ்சானிடம் போகவேண்டும்.
ஒரு கிழமை. நாலாயிரம் ரூபா.
எபோக்சியின் இரு குழாயையும்
விரல்நுனியில் குழைத்தேன்.
தடவினேன். செருகினேன்.
பிதுங்கியதைச் சட்டை விளிம்பால் துடைத்தேன்.
கரண்ட் வந்தபோது
எதுவும் நடக்காததுபோல் மினுங்கியது.

இன்று காலை ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.
மூன்று சிலிண்டர் பிடித்தது, நாலாவது யோசித்தது.
நீலப்புகை கண்டு காவலாளி
மணல்வாளியோடு ஓடிவந்தார்.
பதின்மூன்று செக்கன். அவ்வளவுதான்.
மிஸிஸ் குலசேகரம் கைதட்டினார்,
நாய் இன்னும் குரைக்கிறது.

எனக்குப் பின் இதைக் கழற்றப்போகிறவரே,
மேலிருந்து மூன்றாவது போல்ட்.
நன்றாகச் சூடாக்கி மெல்லத் திருப்பும்.
திட்டுவதானால்
நான் வலக்கைக்காரன்.