பற்று வரவு

ஏழாம் தேதி, சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி வந்ததும்
விளக்குத்தூண் ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில்
சுடிதார் மடித்தபடியே
மனசுக்குள் பருப்பு அளக்கத் தொடங்கிவிடுவேன்.

துவரம்பருப்பு கிலோ
ஜெயக்கொடி அக்கா கடையில் நூற்று எழுபது.
தெற்குவாசல் பாலம் இறங்கினால்
புதிதாய் வந்த ஏசி கடையில் நூற்று நாற்பத்தெட்டு,
இரண்டு கிலோ எடுத்தால் மூடியோடு ஒரு டப்பா இலவசம்.
மிச்சம் நாற்பத்து நாலு ரூபாய்.
மூன்று நாள் நான் நடக்காமல்
ஷேர் ஆட்டோவில் வில்லாபுரம் வந்து சேரலாம்.

இருபத்தாறாம் தேதிக்கு மேல் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.
அப்போது பருப்புக்கு விலையே இல்லை,
அக்காவின் நீள நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.
அவள் எழுதி முடிக்கும்வரை
கடலைமிட்டாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
வட்டி இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை.
காசு இருந்தால் ஏசி
காசு அற்றால் அக்கா.
எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது
எவ்வளவு அசிங்கம் என்று.

ஏசி கடை பில் மேசையில் ஒரு பெண்.
குத்தியிருக்கும் அட்டையில் ஒச்சம்மாள் என்று பெயர்.
உசிலம்பட்டிப் பக்கமா என்று கேட்டேன்,
தலையை மட்டும் ஆட்டினாள்.
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள்.
அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
வேலை செய்பவர் உட்கார இருக்கை போடச் சட்டம் வந்தபோது
எங்கள் மாடிக்கும் ஒரு ஸ்டூல் வந்தது.
அதில் இப்போது பொம்மை உட்கார்ந்திருக்கிறது
பட்டுப்பாவாடையோடு.
கிலோவுக்கு இருபத்திரண்டு ரூபாய்
எங்கிருந்து குறைகிறது என்பது
என் கெண்டைக்காலுக்குத் தெரியும்.
தெரிந்துதான் கார்டை நீட்டுகிறேன்.

நான் ஒன்றும் செய்யாமலும் இல்லை.
வீட்டுக் கணக்கில் பால், கேஸ், டியூஷன், சீட்டு
எல்லாவற்றுக்கும் கீழே
‘நியாயம்’ என்று எழுதி
இருநூறு ரூபாய் ஒதுக்கியிருந்தேன்.
அரை லிட்டர் செக்கு எண்ணெய்க்கு,
பேரம் பேசாத கீரைக்கு,
இப்படி.
தவசி பார்த்துவிட்டு
‘இதுக்கு ஜிஎஸ்டி உண்டா’ என்றான்.
சித்திரையில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது.
ரத்தப் பரிசோதனைக்கு அறுநூறு.
எந்த வரியை அடிப்பது என்று பேனா யோசிக்கவேயில்லை
நேராகக் கடைசிக்குப் போனது.

அந்த வாரம் பழங்காநத்தம் உழவர் சந்தையில்
திருமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்
அரைக்கிலோ கத்திரிக்காய் நிறுத்து
அதற்கு மேல் இரண்டு போட்டார்.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
பையை அகலமாய் விரித்துக் காட்டினேன்.

ஏசி கடைப் பை நல்ல மஞ்சள்.
அக்கா கடையைத் தாண்டித்தான் எங்கள் சந்து.
முந்தானையை இழுத்து மூடினாலும்
இரண்டு கிலோ பருப்பு முழங்காலில் இடித்துக்கொண்டே வரும்.
சும்மா கடந்துபோக முடியாமல் நின்று
ஒரு தீப்பெட்டி என்பேன்.
இரண்டு ரூபாய். ரொக்கம்.

சமையலறைப் பரணில் பதினாலு சேர்ந்துவிட்டது.
எங்கள் அடுப்பு லைட்டரில் பற்றுகிறது.

நேற்று நான் வாய் திறக்குமுன்பே
அவள் கை தீப்பெட்டி அடுக்குக்குப் போனது.
ஒன்றை எடுத்து வைத்தாள்.
பைப் பக்கம் பார்க்கவில்லை.
சில்லறையைக் கல்லாவில் போட்டபடி சொன்னாள்:

‘ஐப்பசி பொறக்கப் போகுது.
வச்சிருக்கதெல்லாம் நமுத்துப்போகாமப் பாத்துக்க.’