பதினெட்டு

குளச்சல் ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில்
எந்த அட்டையைப் புரட்டினாலும்
மூச்சு என்ற கட்டத்தில் பதினெட்டு இருக்கும்.
சில நாள் இருபது.
இருபது எழுதுகிறவள் கொஞ்சம் கற்பனை உள்ளவள்.

நானும் எழுதியிருக்கிறேன்.
இரவில் இரண்டு பேர், கட்டில் முப்பத்தொன்று.
ரத்த அழுத்தத்தைக் கருவியே சொல்லிவிடும்,
அக்குளில் வைத்தது கீச்சிட்டுக் கூப்பிடும்.
மூச்சுக்குக் கண் வேண்டும்,
ஒரு முழு நிமிடம் சும்மா நிற்க வேண்டும்.
சும்மா நிற்கிற நர்ஸைக் கண்டால்
யாராவது பாட்டில் மாற்றச் சொல்வார்கள்.

மாசி மாதம். பதினான்காம் கட்டில்.
வியாகப்பன், நாற்பத்தாறு, கடியப்பட்டணம்.
தொழில்: சிப்பி குளி.
பாறையில் கீறிய கணுக்கால், எட்டு நாள் பழசு,
துணி சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றி
மறுபடியும் கடலுக்குப் போயிருக்கிறார்.
காய்ச்சல் இல்லை.
(மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அதை ஒளித்துவைத்திருந்தது,
அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)
அழுத்தம் நூற்றுப்பன்னிரண்டுக்கு எழுபது.
'ஒண்ணுமில்ல சிஸ்டரே, மருந்து வெச்சுக் கெட்டி விடுங்க,
விடிய வள்ளம் போவும்.'

விரலில் மாட்டிய கிளிப் எதையும் காட்டவில்லை.
சிப்பி அறுத்து அறுத்துத் தோல் பலகையாகியிருந்தது,
விரல் சில்லிட்டிருந்தது.
உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினேன்,
கோடு கோடாகவே நின்றது.
வேறு வழியில்லாமல்தான்
மணிக்கட்டைப் பிடித்தேன்.

முதல் வருட நோட்டில் நானே எழுதிய வரி:
நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணு.
எண்ணுவது தெரிந்தால்
மூச்சு நடிக்கத் தொடங்கும்.

நாடி நூற்றெட்டு. விரலை எடுக்காமல்
அவர் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தேன்.
ஏறியது, இறங்கியது,
இறங்கி முடிக்குமுன் ஏறியது.
ஒன்பதில் அவர் சிரித்தார்.
'கையப் பிடிச்சிட்டு நெஞ்சப் பாக்குதிய.
எம் மூச்ச எண்ணுதிய, இல்லியா?'

பட்டன் நின்றுவிட்டது.
பிடித்துக் காட்டுகிறார்!
பத்து வயதிலிருந்து அடியில் போய்
உளியால் பாறையைக் கொத்துகிற மனுசன்,
மூச்சை எண்ணுவது அவருக்குப் புதிதா?
'மூணு நிமிசம் பிடிப்பேன்' என்று
ஊரில் அவரைப்பற்றிப் பேச்சாம்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நான்கு நொடி.
ஐந்தாவதில் வாய் திறந்து
காற்றைக் கடித்து இழுத்தார்.
கழுத்துக் குழி உள்ளே போனது.
அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது,
கண் மட்டும் என்னிடம் கேட்டது.
அந்தக் கணக்கு
எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடி எண்ணினேன், ஒளிக்காமல்.
முப்பத்துநான்கு.

டாக்டருக்குப் போன் போட்டேன்.
'மூச்சு எவ்வளவு?'
'முப்பத்துநாலு சார்.'
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'எண்ணினியா?'
'எண்ணினேன்.'
'ஆக்ஸிஜன் வை. வாறேன்.'

இரண்டே முக்காலுக்கு ஆசாரிப்பள்ளத்துக்கு ஏற்றினார்கள்.
முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்,
வள்ளத்துக்காரனுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றிருக்கலாம்.
அவர் மனைவி சகாயலில்லி
செருப்பை வார்டிலேயே விட்டுவிட்டு ஏறினாள்.
பிறகு என்ன ஆயிற்று என்று
அங்கிருந்து யாரும் எங்களைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

மேசையில் அவர் அட்டை.
இரண்டு மணிக் கட்டத்தில், பன்னிரண்டுக்கே,
வேலை மிச்சமென்று நான் நிரப்பி வைத்திருந்த பதினெட்டு.
ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன்.
பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

பிறகு பதினைந்தாம் கட்டில்.
ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த பையன், தூக்கத்தில்.
கால்மாட்டில் நின்றேன்.
பதினொன்றில் யாரோ பாட்டில் என்றார்கள்,
போய் மாற்றிவிட்டு வந்து
முதலிலிருந்து தொடங்கினேன்.

பதினெட்டு.
எழுதக் கூச்சமாக இருந்தது.