முப்பத்தெட்டுக்கு மேல்

காற்றுமானி முப்பத்தெட்டைத் தாண்டியதும்
கேபினுக்குள் சிவப்பு விளக்கு எரியும்.
அவ்வளவுதான், வேலை நின்றது.
மார்ச் மாத ஷமால் வந்துவிட்டால்
லுசைலில் ஃபோர்மேன்கூட வாய் திறப்பதில்லை.

கொக்கியை மேலே ஏற்றினேன்.
சுழல் பிரேக்கை விடுவித்தேன்.
பயிற்சியின் முதல் வாரப் பாடம் இது:
பெருங்காற்றில் கிரேனைப் பிடித்து நிறுத்தாதே,
எந்தப் பக்கம் திரும்புகிறதோ திரும்பட்டும்,
பிடித்து வைத்ததுதான் விழும்.
பரீட்சையில் இதை எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கினேன்.

"இறங்குறியா?" வாக்கிடாக்கியில் கோஷி.
"ஏணியில காத்து பலமா இருக்கு சேட்டா, அடங்கட்டும்."
உண்மைதான்.
முழுவதும் இல்லை.

முதலில் கடல் போனது.
பிறகு கண்ணாடிக் கோபுரங்கள்,
தண்ணீர் லாரிகளின் வரிசை,
கடைசியாகத் தில் பகதூரின் மஞ்சள் ஹெல்மெட்.
தொண்ணூறு மீட்டர் உயரத்தில்
பழுப்பு நிறத்துக்குள்
நானும் ஒரு நாற்காலியும்.

சனையாவில் எங்கள் அறையில் எட்டுக் கட்டில்.
எல்லாரும் நல்லவர்கள்.
காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார்கள்,
கடன் என்றால் சீட்டுப் பணத்தை முன்னாலேயே தருவார்கள்.
சும்மா இருந்தால் மட்டும் காரணம் கேட்பார்கள்.
"என்னடே, வீட்ல சண்டையா?"
"யாராச்சும் ஏதும் சொன்னாங்களா?"
"எதுக்கும் சுகர் பாத்துக்க."
ஒரு வெள்ளிக்கிழமை கார்னிஷுக்கு வரவில்லை என்றதற்கு
பாக்கியநாதன் என் தலையில் கைவைத்து
கண்ணீரோடு ஜெபித்துவிட்டுப் போனார்.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்,
அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

அதிலிருந்து காரணங்களைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.
தலைவலி இரண்டு வாரத்துக்கு ஒன்று.
பல்வலி எடுத்தால் மூன்று நாள் தாங்கும்,
ஆனால் முபாரக் கிராம்பு எண்ணெயோடு
காலை மாலை வந்து நிற்பான்,
வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

இங்கே காரணம் காற்று.
எண் போட்டுக் காட்டுகிறது.
யாரும் மருந்து கொண்டுவருவதில்லை.

ஃபிளாஸ்க் மூடியில் பாதி சுலைமானி.
கீழே என்றால் நின்றபடி நான்கு மடக்கு.
இப்போது ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் நடுவே
கண்ணாடியில் மணல் உரசுவதைக் கேட்கிறேன்,
யாரோ பக்கத்து அறையில்
அவசரமில்லாமல் அரிசி களைவது மாதிரி.
கேபின் லேசாக ஆடுகிறது.
கால்களை நீட்டினேன்.
ஷூவின் நாடா அவிழ்ந்திருந்தது,
அவிழ்ந்தே இருக்கட்டும்.

கிறிஸ்டில்டாவைக் கூப்பிட்டேன்.
கல்யாணமான புதிதில்
"லைன்ல இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்பாள்.
இப்போது போனை மேசையில் சாய்த்துவிட்டு
ஏழாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிறாள்.
தாள் புரள்கிறது.
பேனா எதையோ சுழிக்கிறது.
ஒருமுறை தனக்குத்தானே சிரித்தாள்,
என்ன என்று நான் கேட்கவில்லை.
நாற்பத்தோரு நிமிடம் பேசினோம் என்று
போன் கணக்கு எழுதிக்கொண்டது.

இதற்குள் கிரேன் திரும்பியிருக்கிறது.
காலையில் வடக்கே பார்த்து உட்கார்ந்தவன்
இப்போது தென்கிழக்கே பார்க்கிறேன்.
லீவரைத் தொட்டவர் யாருமில்லை.
அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று தெரியும்.
இன்றைக்குப் புழுதி இருக்கிறது,
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு விளக்கு அணைந்தது.
முப்பத்தாறு.
முப்பத்தைந்து.
"எத்தனை காட்டுது?" கோஷியின் குரல் கரகரத்தது.
மூடியில் ஒரு மிடறு மிச்சம் இருந்தது,
நன்றாக ஆறியிருந்தது.
"பாத்துச் சொல்றேன்" என்றேன்.
கண்ணாடிக்கு வெளியே, ரொம்பக் கீழே,
தில் பகதூரின் ஹெல்மெட்
கொஞ்சம் கொஞ்சமாக
மஞ்சளாகிக்கொண்டிருந்தது.