மூன்று விரல்

சண்டை யன்னலால் வந்தது.
ஓல்டன், மாசி மாதம், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
அவள் திறப்பாள். நான் சாத்துவேன்.
அவளுக்கு உடம்புக்குள் அடுப்பு,
எனக்கு வலத் தோளில் ஆணி.
இதைச் சொல்ல எங்களிடம் மொழி இருக்கவில்லை.
அவளுடையது போர்த்துக்கீசம், என்னுடையது தமிழ்,
நடுவில் கிடந்த ஜெர்மனில்
இரண்டு பேருக்குமாக ஒரு இருநூறு சொல் தேறும்.
இருநூறு சொல்லுக்குள் சண்டை பிடிப்பது
சின்னச் சட்டியில் பெரிய மீன் பொரிப்பது போல.
வாலும் தலையும் வெளியே நின்று கருகும்.

"நீ எப்போதும்" என்றாள் லூர்தெஸ்.
"நீ ஒருபோதும்" என்றேன்.
வினைச்சொல் இருவருக்கும் வரவில்லை.
எப்போதும் என்ன, ஒருபோதும் என்ன,
அது தெரியாமலே
பதினொரு நாள் கதைக்காமல் இருந்தோம்.

பதினொரு நாளும் ஒரே இயந்திரம்.
ஈர விரிப்பின் ஒரு முனை அவளிடம், மறுமுனை என்னிடம்,
ஒரே நேரத்தில் உருளைக்குள் கொடுக்கவேண்டும்.
நான் அரை நொடி முந்துவேன். வேண்டுமென்றேதான்.
விரிப்பு கோணலாய்ப் போய்
மறுபக்கம் அப்பளம் மாதிரிச் சுருண்டு விழும்.
அதை எடுத்து அடுக்குகிற பெடியன் யோனாஸ்
எங்களைப் பார்க்காமல்
கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

பிறகு சும்ஸ்டைன் அம்மா கூப்பிட்டார்.
மூன்று கதிரை, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு படிவம்:
என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், என்ன வேண்டும்.
மூன்றுக்கும் 'ஃபென்ஸ்டர்' என்றே எழுதினேன்,
யன்னல், யன்னல், யன்னல்.
எட்டிப் பார்த்தேன். அவளும் அதையேதான்,
எழுத்துப் பிழையோடு.
என்னுடையதில் பிழையில்லை என்று வந்த
சின்னச் சந்தோஷத்துக்குப்
படிவத்தில் இடம் இருக்கவில்லை.
கையெழுத்துப் போட்டோம். கை கொடுக்கச் சொன்னார்,
கொடுத்தோம்.
இரண்டு கையும் கரண்டி போல விறைத்து நின்றன.

வியாழன் மத்தியானம் இயந்திரம் நின்றது.
திருத்துகிறவர் ஆராவிலிருந்து வர நாலு மணியாகும்.
பிள்ளைப்பேற்று வார்டுக்கு அறுபது விரிப்பு உடனே வேண்டும்,
கையால் மடியுங்கள்.

விரிப்பு மடிப்பதில் ஒரு தொல்லை:
தூர நின்றபடி முடிக்க ஏலாது.
இழுத்து, உதறி, நேராக்கி,
முனையை முனையில் வைக்க அவளிடம் நடக்கவேண்டும்,
கொடுத்துவிட்டுப் பின்வாங்கவேண்டும்,
திரும்பவும் போகவேண்டும்.
அறுபது விரிப்புக்கு எத்தனை நடை என்று
ஆத்திரத்தோடு எண்ணிக்கொண்டிருந்தேன்,
எங்கேயோ கணக்குத் தப்பியது.
அவள் கழுத்தில் வியர்வை, சட்டைக் கொலர் வரை.
வெளியே பனி பெய்கிறது.
என் வலக் கை உயராததை அவளும் கண்டிருக்கவேண்டும்,
பிறகு தன் பக்கத்தைத் தாழ்த்திப் பிடித்தாள்.
நான் கேட்கவில்லை.
நன்றி சொல்லவும் பஞ்சியாய் இருந்தது.

நாற்பதாவது விரிப்போடு வந்து
"ஃபென்ஸ்டர்" என்றாள், முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல்.
நான் விரலைக் காட்டினேன். இரண்டு.
அவள் நாலு காட்டினாள்.
சந்தையில் நிற்பது போல நின்றோம்.
மூன்றில் முடிந்தது.

ஓம், முடிந்தது என்றுதான் சும்ஸ்டைன் அம்மாவிடம் சொன்னேன்.
ஆனால் அவளுடைய மூன்று விரல்
என்னுடையதை விடத் தடிப்பு.
காலையில் அவள் அளந்து வைத்துவிட்டுப் போனதும்
என் விரலை வைத்துப் பார்க்கிறேன்.
மிச்ச இடத்தால் ஒரு நூல் குளிர் வருகிறது.
சால்வையைத் தோளுக்கு இழுத்துவிட்டு
வந்து முனையைப் பிடிக்கிறேன்.
"ஐன்ஸ்" என்கிறாள், "ஸ்வை" என்கிறாள்.
மூன்றாவதை நான் சொல்லவேண்டும்.
பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.