காலி எடை

தாழையூத்து எடைமேடையில்
இருபத்தாறு வருசமாக எனக்கு ஒரே கேள்வி:
லோடா, காலியா?
லோடோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை.
கழித்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.

தம்பி எபனேசர் செத்தது ஒரு மார்ச் மாதம்.
முறைத்தண்ணீர்ச் சண்டையில்
பதினோரு வருசம் பேச்சில்லை.
பெட்டி மூடும்போது கடைசி ஆளாக நின்றேன்.
ஐயர் நல்ல மனுசர், தோளில் கை வைத்தார்.
"கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடுத்தாச்சு.
செத்தவங்களுக்காக நாம ஜெபிக்கிறதில்லடே.
அவன் கணக்கு முடிஞ்சிட்டு."

அவன் கணக்கு சரி.

எங்கள் ஊர் ஆலயத்தில்
அசனத்துக்கு ஆயிரம் இலை விழும்.
செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனால்
பூட்டுதான் கையைச் சுடும்.
பைபாஸ் ஓரத்து மாதா கோயில் திறந்தே கிடந்தது.
முதலில் நான் நுழைந்தது மின்விசிறிக்காக.

மடியில் பீடித்தட்டோடு ஒருத்தி
சுரூபத்திடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள்:
"எலையைக் கொறச்சுப் போட்டுட்டான்,
நீயும் பாத்துக்கிட்டுதான நிக்க?"
மாதா பதில் சொல்லவில்லை.
அவளும் காத்திருக்கவில்லை, எழுந்து போய்விட்டாள்.
விக்கிரகம் என்றொரு சொல்
சின்ன வயசிலிருந்தே என் நாக்கடியில் தயாராக இருந்தது.
அன்றைக்கு அது வெளியே வரவில்லை.

வாசலில் பூசைக் கருத்து நோட்டு.
பெயர், தேதி, நூறு ரூபாய்.
"உயிரோட இருக்கவங்களுக்கா, மரிச்சவங்களுக்கா?"
நான் லாரிக்காரனைக் கேட்கும் அதே குரலில்
கோயில்பிள்ளை கேட்டான்.
"மரிச்சவங்களுக்கும் உண்டுமா?"
"அவங்களுக்குத்தான அண்ணாச்சி கூடுதல்."
எபனேசரைப் பிழையாக எழுதி ரசீது தந்தான்.
பதினோரு வருசத்தில்
தம்பிக்கென்று நான் செலவழித்த முதல் நூறு ரூபாய்.

பிறகு, ஐம்பத்திரண்டு வயதில்,
புதுநன்மைப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.
முழங்கால் மேசையில் இடித்தது.
டீச்சர் ஜெனோவா, கல்லூரி முடித்து ஒரு வருசம்:
"மாமா, கர்த்தர் இல்ல, ஆண்டவர்."
அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றுபோகும்போது
நாலாம் வகுப்பு லிபோனா
வாயசைத்துக் காப்பியடிக்க விடுவாள்.

ஊற்றிய தண்ணீர் ஊற்றியதுதான்,
இரண்டாம் தரம் கிடையாது என்றார் சாமியார்.
ஞானஸ்நானச் சீட்டு மட்டும் வேண்டும்.
ஊருக்குப் போனேன். ஐயர் பதிவேட்டை விரித்தார்.
அப்பா பம்பாயிலிருந்து லீவில் வந்த ஞாயிறு,
இரண்டு பேருக்கும் ஒரே நாளில்.
என் பெயர். அடுத்த வரி அவன்.
ஐயர் விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
"அங்கயும் இதே கர்த்தர்தானடே" என்று
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.
கிரேஸ் அக்காதான் வாசலை மறித்தாள்:
"அம்மா கல்லறைல போய் என்ன சொல்லுவ?"
அம்மாவுக்கும் ஒரு பூசை சொல்லியிருந்ததை
அவளிடம் சொல்லவில்லை.

பெரிய சனிக்கிழமை சாயங்காலம்.
மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம்
முப்பது வயசுச் சாமியாரின் இருமல்.
"கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் செஞ்சீங்க?"
"இதான் முதல், சாமி."
நாற்காலியில் அவர் வாகாகச் சாய்ந்த சத்தம் கேட்டது.

இருபது கிலோ, முப்பது கிலோ கை வைத்தது,
முதலாளி சொன்னது பாதி, நானாகச் செய்தது மீதி.
பொய்கள். ஒரு பெண்ணிடம் சொன்ன வார்த்தை.
எதுவும் வரிசையாக வரவில்லை.
கடைசியில்தான் அது:
அன்றைக்கு ராத்திரி
மடையைத் திருப்பிவிட்டது நான், அவன் இல்லை.
ஊர்க்கூட்டத்தில் அவன்மேல் சத்தியம் பண்ணினதும் நான்.

லேசாகிவிடும் என்று ஜெனோவா சொல்லியிருந்தாள்.
லோடு இறக்கிய லாரியைக் கேட்டுப் பாருங்கள்,
மேடையேறும்போது தகரம் மொத்தமும் கடகடக்கும்.
அப்படித்தான் பெஞ்சுக்கு நடந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். பாஸ்காத் திரியிலிருந்து
தீ கை மாறி வந்தது.
எனக்கு முன்வரிசையில் அந்தப் பீடிக்காரி,
சுடரோடு திரும்பி அசையாமல் நின்றாள்.
நான் திரியை நேராக நீட்டிக்கொண்டு நின்றேன்.
"எரியிறதச் சாய்க்கப்பிடாது, மெழுகு கொட்டும்" என்றாள்,
"எரியாததத்தான் சாய்க்கணும். சாயும்."