சொடக்கு

மன்ரோவியாவில் கைகுலுக்கல்
சொடக்கில்தான் முடியும்:
என் நடுவிரலும் உன் நடுவிரலும்
உரசிப் பிரிகிற சத்தம்.
எபோலா வந்த ஆகஸ்டில்
அது ஊரைவிட்டுப் போயிற்று.

செல்போன் சார்ஜ் போடும் என் கடைப் பலகையில்
விலையை அழித்துவிட்டு
தினம் மூன்று வரி எழுதினேன்.

“முழங்கையை நீட்டாதே யாமா,
அதுவும் தோல்தான்.
பல்லைக் காட்டு, போதும்.”

மறுநாள்:
“குளோரின் வாளிக்கு முதல் வணக்கம்.
உனக்கு,
கை காய்ந்த பிறகு.”

மழை பாதியைத் தின்றது.
மீதியை எதிர்ச்சாரியில் நின்று
உரக்க வாசிப்பான் நியான்குவாய்.
“இதெல்லாம் ஒரு கவிதையா?” என்பான்.
அவ்வளவுதான் எங்கள் வணக்கம்.

பிறகு அவன் அக்கா வீட்டு வாசலில்
கயிறு கட்டினார்கள். உள்ளே அவனும்.
இருபத்தொரு நாள்.
யாரும் வாசிக்காத வரியை எழுதக் கை வரவில்லை.
விலையையே திரும்ப எழுதிவைத்தேன்.

இருபத்திரண்டாம் நாள்
அதே எதிர்ச்சாரியில் நின்றான்,
சட்டை அவனைவிடப் பெரிதாக.
அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை.
கையைத் தூக்கித் தனியே சொடக்கினேன்.
தெருநாய் ஒன்று திரும்பிப் பார்த்தது.
அவன் பலகையைப் பார்த்தான்.
“ஒரு போனுக்கு இருபத்தைந்து டாலர்.”
உரக்க வாசித்தான்,
சொல் சொல்லாக நிறுத்தி.